சுருட்டுக்குக் கிலோவுக்கு 40 ரிங்கிட்: பாரம் யார் தலையில்?

மலேசியாவில் 2025 நவம்பர் 1ஆம் தேதி முதல் புகையிலைப் பொருள்களுக்கான கலால் வரி உயர்ந்தது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட அந்த உயர்வில், எல்லாரும் பேசியது சிகரெட்டைப் பற்றித்தான். ஒரு சிகரெட்டுக்கு 2 காசு. பத்து ஆண்டுகளாக அசையாமல் இருந்த வரி என்பதால் செய்தி ஒட்டுக்கடை மேசை வரை போய்ச் சேர்ந்தது. அதே அறிவிப்பில் இன்னொரு வாசகமும் இருந்தது. அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை: சிகார், செரூட், சிகரிலோ ஆகியவற்றுக்குக் கிலோவுக்கு 40 ரிங்கிட் கூடுதல்.

இந்த மூன்றில் நடுவில் நிற்கும் சொல் நம்முடையது. இலையைச் சுருட்டிச் செய்வதால் சுருட்டு. தென்னாட்டுத் துறைமுகங்களுக்கு வந்த ஐரோப்பியர் வாயில் புகுந்து அது ஆங்கிலத்தில் 'செரூட்' ஆனது. போர்த்துக்கீசியர் சிகாருக்கே 'ஷருட்டு' என்கிறார்கள். மலாய்க்காரர் 'செருத்து' என்கிறார்கள். உலக நாடுகள் பின்பற்றும் சுங்க வகைப்பாட்டில் 2402 என்ற எண்ணின் கீழ் இன்றும் அந்தச் சொல் நிற்கிறது. பிறகு வந்த சிகரெட்டுக்குத் தமிழில் பெயர் வைத்தபோதுகூட 'வெண்சுருட்டு' என்றுதான் வைத்தார்கள். மூத்தது எது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சொல் நம்முடையதாக இருக்க, அந்த 40 ரிங்கிட் யாரைத் தொடுகிறது?

கணக்கு எளிது. கைவிரல் பருமனில் இருக்கும் பெரிய கியூபா சிகார் ஒன்று 15 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் வரி 60 காசு. அதன் விலை 400 ரிங்கிட் என்றால், உயர்வு நூற்றில் கால் பங்குகூட இல்லை. பூசைச் சாமான் கடையில் வாங்கும் சிறிய சுருட்டு 5 கிராம், விலை 3 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் கூடுதல் வரி 20 காசு. விலையில் நூற்றுக்கு ஆறுக்கும் மேல். சுங்கத் துறையின் தராசுக்கு இலையின் தரம் தெரியாது, வாங்குபவரின் வருமானமும் தெரியாது. தெரிந்ததெல்லாம் கிராம் மட்டுமே.

சிகரெட்டில் இந்த முறை பெரிய அநீதி ஆகாது. விலை உயர்ந்த சிகரெட்டுக்கும் மலிவான சிகரெட்டுக்கும் இடையே சில ரிங்கிட்தான் வித்தியாசம். சுருட்டு அப்படியல்ல. ஒரே பெயரின் கீழ் 3 ரிங்கிட் பொருளும் பல நூறு ரிங்கிட் பொருளும் இருக்கின்றன. அந்தப் பல நூறு ரிங்கிட் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் இந்த வரியின் போக்கு புரியும்.

நாக்கும் குறிப்பேடும்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கையால் சுருட்டிய சிகாரைச் சுவைத்து ஒப்பிடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். வழக்கறிஞர், மருத்துவர், குத்தகையாளர் என்று நம்மவர்களும் அதில் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் பணத்தைப் புகையாக விடும் வேலை. உள்ளே போனால், தஞ்சாவூர்க்காரர் டிகிரி காப்பிக்குப் பார்க்கும் பக்குவம் போல ஒரு கணக்கு இருக்கிறது.

கையால் செய்த சிகாரில் மூன்று பகுதி. நடுவில் பூரண இலைகள், அதைப் பிடித்துக் கட்டும் இலை ஒன்று, வெளியே போர்வை இலை ஒன்று. கியூபாவில் பூரணத்துக்கே மூன்று வகை இலை வேண்டும். செடியின் அடிப்பகுதி இலை நன்றாக எரியும். நடு இலை மணம் தரும். வெயில் அதிகம் பட்ட மேல் இலை காரமானது, மெதுவாக எரியும், அதனால் அதை நடுநாயகமாக வைத்துச் சுருட்டுவார்கள். போர்வை இலைக்கு வெயில் நேரே படக்கூடாது. வயலுக்கு மேல் துணிப்பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். இலையை வெட்டாமல் முழு நீளத்தில் வைத்துச் சுருட்டியதா, நறுக்கித் தூவியதா என்பதில்தான் விலையின் முதல் படி இருக்கிறது. பருமனை ஓர் அங்குலத்தின் 64இல் ஒரு பங்காக எண்ணுகிறார்கள். 50 என்றால் முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல்.

ஒப்பிடும்போது சுற்றியிருக்கும் காகிதப் பட்டையைக் கழற்றிவிட்டு, எது எந்தப் பெயர் என்று தெரியாமல் பிடித்துப் பார்ப்பது நல்ல வழக்கம் என்பார்கள். புகை தடையில்லாமல் வருகிறதா, ஒரே சீராக எரிகிறதா, சாம்பல் உதிராமல் நிற்கிறதா, முதல் மூன்றில் ஒரு பங்கில் இருந்த சுவை கடைசிப் பங்கில் எப்படி மாறுகிறது என்று எழுதி வைப்பார்கள். தேவதாரு, தோல், மிளகு, கொக்கோ என்று சுவைக்குப் பெயர் சூட்டுவதும் உண்டு. இதில் பாதி நாக்கு, பாதி கற்பனை என்று கேலி செய்பவர்களும் அந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.

நம் நாட்டில் இந்தப் பொழுதுபோக்குக்குப் பெரிய எதிரி வானிலை. சிகாரைக் காக்க 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதம் போதும். நம் காற்றில் பெரும்பாலும் அதைவிட அதிகம். சூடும் சேர்ந்தால் இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டை பொரிந்து, சிகார் முழுவதும் ஊசி குத்தியது போல ஓட்டை விழும். அதனால் குளிர்பதனப் பெட்டி தேவைப்படுகிறது. சிகாரைவிடப் பெட்டிக்குச் செலவு அதிகம் என்று புலம்புபவர்கள் உண்டு.

விலை ஏன் ஏறியது? 2022ஆம் ஆண்டு இரண்டு காரியங்கள் நடந்தன. கியூபா சிகாரை உலகெங்கும் விற்கும் ஹபானோஸ் நிறுவனம், தன் உச்ச ரகங்களான கோஹிபா, திரினிடாட் இரண்டின் விலையையும் எல்லா நாடுகளிலும் ஹாங்காங் விலையை ஒட்டி உயர்த்தியது. அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று இயன் புயல் பினார் டெல் ரியோ மாநிலத்தைத் தாக்கியது. கியூபாவின் நல்ல இலை விளைவது அங்கேதான். இலையை உலர்த்தும் கொட்டகைகளில் பெரும்பாலானவை சாய்ந்தன. சரக்கு குறைந்தது. ஆனால் வருமானம் குறையவில்லை. 2023இல் 721 மில்லியன் அமெரிக்க டாலர், 2024இல் 827 மில்லியன் டாலர் என்று நிறுவனமே அறிவித்தது. சீனச் செல்வந்தர்கள் வாங்குவது இதற்கு முக்கியக் காரணம். கோலாலம்பூர்க் கடை அலமாரியில் விலைச் சீட்டு மாறியதும் அப்போதுதான். அதற்குப் பக்கத்தில் 60 காசு வரி ஒரு பொருட்டே அல்ல.

திருச்சி எங்கே தவறவிட்டது?

ஒரு காலத்தில் திருச்சிச் சுருட்டும் லண்டன் வரை போன பொருள்தான். திண்டுக்கல் பக்கம் விளைந்த புகையிலையை உறையூரில் சுருட்டி அனுப்பினார்கள். திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனி சுருட்டு ஆலையே வைத்திருந்தது. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்து, அது 'டிரிச்சினோப்பலி' சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லுவார். ஆங்கில வாசகனுக்கு விளக்கம் தேவைப்படாத அளவுக்கு அந்தப் பெயர் பழக்கமாக இருந்தது.

ஹவானாவும் கைவேலை, திருச்சியும் கைவேலை. பின் ஏன் ஒன்று பல நூறு ரிங்கிட்டுக்குப் போனது, மற்றொன்று பூசைத் தட்டோடு நின்றது?

கியூபா இலையின் மண் வளம் ஒரு காரணம், மறுக்க முடியாது. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் காகிதம். 1889லேயே, ஸ்பெயின் ஆட்சியின்போது, கியூபா சிகார் பெட்டிக்கு உத்தரவாத முத்திரை வந்துவிட்டது. 1912இல் கியூபா அரசு அதைச் சட்டமாக்கியது. பிற்காலத்தில் பெட்டியின் அடியில் எந்த ஆலையில் செய்தது என்ற குறியீடும், எந்த மாதம், எந்த ஆண்டு அடைத்தது என்ற முத்திரையும் வந்தன. இந்த விவரம் இருப்பதால்தான் ஒருவர் ஐந்து ஆண்டுக்கு முந்தைய பெட்டியையும் சென்ற ஆண்டுப் பெட்டியையும் அருகருகே வைத்து ஒப்பிட முடிகிறது. ஒப்பிட முடிந்த பொருளுக்குத்தான் சேகரிப்பவர் கிடைப்பார். சேகரிப்பவர் கிடைத்த பொருளுக்குத்தான் விலை ஏறும்.

திருச்சிச் சுருட்டின் தரம் கடைக்காரரின் மூக்கில் இருந்தது, சுருட்டியவரின் விரலில் இருந்தது. பெட்டியில் எழுதப்படவில்லை. வாங்கிய வெள்ளைக்காரர்கள் ஊர் திரும்பினார்கள். உள்ளூரில் இயந்திரச் சிகரெட்டும் பீடியும் இடத்தைப் பிடித்தன. சுருட்டு கிழவர்களின் பொருளானது.

கியூபாவுக்கு இன்னொரு உதவியும் எதிரியிடமிருந்து வந்தது. 1962இல் அமெரிக்கா வணிகத் தடை விதித்தது. கிடைக்காத பொருளுக்கு மவுசு கூடும் என்பதை விளக்க வேண்டியதில்லை. தடை உத்தரவில் கையெழுத்திடும் முன் அதிபர் கென்னடி தமக்காகச் சுமார் 1,000 கியூபா சிகார்களை வாங்கி வரச் சொன்னதாக அவருடைய செய்திச் செயலாளர் சாலிஞ்சர் பின்னாளில் எழுதினார். கியூபாவை விட்டு வெளியேறிய விவசாயிகளும் முதலாளிகளும் விதையை டொமினிக்கன் குடியரசுக்கும் ஹோண்டுராசுக்கும் நிக்கராகுவாவுக்கும் கொண்டு போனார்கள். இன்று அமெரிக்காவுக்குக் கைச்சுருட்டுச் சிகார் அதிகம் அனுப்புவது நிக்கராகுவா.

போர்வை இலைக்கு நம் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம், சுமத்ராவின் டெலி வட்டாரத்தில், 1863 முதல் டச்சுக்காரர்கள் புகையிலை பயிரிட்டார்கள். மெல்லிய, நரம்பு தெரியாத அந்த இலை ஐரோப்பாவில் ஏலத்துக்குப் போனது. வயல் வேலைக்குப் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள். சாலை போடவும், வடிகால் வெட்டவும், மாட்டு வண்டி ஓட்டவும் தமிழர்கள். மேடானில் இன்று கம்போங் மெட்ராஸ் என்று அழைக்கப்படும் பகுதியும் அங்குள்ள மாரியம்மன் கோவிலும் அந்தக் காலத்தின் மிச்சம். டெலியில் தோட்டங்கள் சுருங்கிவிட்டன. ஆனால் அந்த விதை ஈக்குவடோர் வரை போயிருக்கிறது. சிகார் விவரக் குறிப்பில் 'சுமத்ரா' போர்வை என்று போட்டிருந்தால், வழித்தடம் இதுதான்.

கொட்டிலில் ஒரு குரல்

கியூபா சிகார் ஆலைகளைப் பற்றி ஒரு செய்தி அடிக்கடி சொல்லப்படும். தொழிலாளர்கள் வரிசையாக அமர்ந்து சுருட்டிக்கொண்டிருக்க, மேடையில் ஒருவர் அமர்ந்து உரக்க வாசிப்பார். காலையில் பத்திரிகை, பிறகு நாவல். 1865இல் ஹவானாவில் தொடங்கிய வழக்கம் இது. மாண்டிகிறிஸ்டோ, ரோமியோ ஜூலியட் என்ற சிகார் பெயர்கள் அங்கே வாசிக்கப்பட்ட கதைகளிலிருந்து வந்தவை என்பார்கள்.

இதைக் கேட்டு வியக்கும் நம்மவர்களுக்கு, யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் அதே வழக்கம் இருந்தது தெரிந்திருக்காது. மலாயா ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தாரின் ஊர்ப் பொருளாதாரத்தில் புகையிலை பெரும் பங்கு வகித்தது. இலையைப் புகையூட்டிப் பதப்படுத்தி, 'கோடா' என்ற பாகு தெளித்துச் சுருட்டுவார்கள். தென்னிலங்கைச் சிங்கள ஊர்களில் யாழ்ப்பாணத்தார் சுருட்டுக்கடை வைத்திருந்தார்கள். கொட்டிலில் எல்லாருடைய கையும் வேலையாக இருக்க, ஒருவர் பத்திரிகை வாசிப்பார். எழுத்தறியாதவரும் உலகச் செய்தி அறிந்தார்கள். அரசியல் வாதம் நடந்தது, தொழிற்சங்கம் வளர்ந்தது. கேரளத்தில் கண்ணூர் பீடிக் கூடங்களிலும் இப்படித்தான்.

கியூபா இந்த வாசிப்பைத் தன் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்து உலகுக்குச் சொல்கிறது. சிகார் பெட்டியோடு அந்தக் கதையும் விற்கிறது. கொட்டில் வாசிப்பு நினைவுக் குறிப்புகளில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஆனால் இங்கேயும் ஒரு நெருடல் உண்டு. கையால் செய்தது என்பதற்காகவே பல நூறு ரிங்கிட் கொடுக்கிறார்கள். அந்தக் கை நாள் முழுவதும் சுமார் நூறு சிகார் சுருட்டுகிறது. அரசாங்கச் சம்பளத்தில் வாழும் கியூபாத் தொழிலாளி தான் சுருட்டிய ஒரு பெட்டியைக் கடை விலைக்கு வாங்க முடியாது. நம் பாட்டன்மார் சீவிய கித்தா மரத்துப் பால் எந்த விலைக்குப் போனது, அவர்கள் கையில் எவ்வளவு வந்தது என்பதை அறிந்த தோட்டத்து மக்களுக்கு இது புதிய கதை அல்ல.

முனியாண்டிக்கும் அதே தராசு

நம் சமூகத்தில் இன்று சுருட்டு அதிகம் காணப்படும் இடம் சிகார் அறை அல்ல, காவல் தெய்வத்தின் சன்னிதி. முனியாண்டி, முனீஸ்வரர், மதுரை வீரன், சங்கிலிக் கறுப்பர் படையலில் சுருட்டு உண்டு. தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்து மக்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்த பிறகும் படையல் நிற்கவில்லை. அருள் வந்தவர் கேட்டதும் எடுத்துக் கொடுக்கக் கட்டுக் கட்டாக வாங்கி வைப்பவர்கள் இருக்கிறார்கள். வரி உயர்வின் காசைத் தங்கள் பையில் உணரப்போவது இவர்கள்தான். தொகை சிறியது, குடும்பம் குலைந்துவிடாது. ஆனால் முறை சரியா என்ற கேள்வி தொகையைப் பொறுத்ததல்ல.

வரியை நியாயப்படுத்தச் சொல்லப்படும் காரணம் சுகாதாரம். அந்தக் காரணம் வலுவானது. சிகார் பிடிப்பவர்கள் 'புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் ஆபத்தில்லை' என்று சொல்லிக்கொள்வது வழக்கம். சிகாரின் புகை காரத்தன்மை உடையது. உள்ளே இழுக்காமலே வாயின் தோல் வழியாக நிக்கோட்டின் இரத்தத்தில் ஏறும். பெரிய சிகார் ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அது வழி. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையே அதிகம் என்பது மருத்துவ உலகம் நெடுங்காலமாகச் சொல்லி வருவது. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பழக்கம் அதற்கு முதன்மைக் காரணம். அப்படிப்பட்ட சமூகத்தில் 'கையால் செய்தது, இயற்கையானது' என்ற பேச்சு வாய்க்கு எந்தப் பாதுகாப்பும் தராது. எரிந்தால் எல்லாம் தார்தான்.

அந்த நோக்கத்தோடு பார்த்தாலும் எடை வரி பாதி வேலைதான் செய்கிறது. 400 ரிங்கிட் கொடுப்பவர் 60 காசுக்காக ஒன்றையும் குறைக்க மாட்டார். ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் சிகாருக்கு விலையையும் கணக்கில் எடுத்து வரி போடுகிறார்கள். இங்கே அந்தப் பேச்சே எழவில்லை. கள்ளச் சரக்கு பெருகும் என்பது வழக்கமான பதில். சிகரெட் சந்தையில் பாதிக்கு மேல் கள்ளச் சரக்கு என்று புகையிலை நிறுவனங்கள் கூறி வருவது உண்மை. ஆனால் கள்ளச் சிகரெட்டை வாங்குபவரும் கியூபா சிகாரை வாங்குபவரும் ஒருவரல்லர். பெட்டி முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் ரசிகர், போலியை வாங்க அஞ்சித்தான் முறையான கடைக்குப் போகிறார். அவரிடம் வரி வாங்குவது அரசாங்கத்துக்குக் கடினமான காரியம் அல்ல.

சட்டத்தின் நிலையையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பொதுச் சுகாதாரத்துக்கான புகைபிடிக்கும் பொருள்கள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2024, அதாவது 852ஆம் சட்டம், 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. குறிப்பிட்ட ஆண்டுக்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் புகையிலையையே விற்கக்கூடாது என்ற பிரிவு 2023இல் மசோதாவிலிருந்து நீக்கப்பட்டது. மற்றவை நிற்கின்றன. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது. சிகாரானாலும் சுருட்டானாலும் விதி ஒன்றுதான். உணவுக்கடைகளும் வழிபாட்டுத் தலங்களும் புகைபிடிக்கத் தடைசெய்யப்பட்ட இடங்கள். படையலில் வைப்பது வேறு, பற்ற வைப்பது வேறு என்பதைக் கோவில் நிர்வாகங்கள் திருவிழாவுக்கு முன்பே பேசி முடிவு செய்துகொண்டால், வருபவர்களோடு வாக்குவாதம் வராது.

சிங்கப்பூரில் கெடுபிடி இன்னும் அதிகம். வாங்கும் வயது 21. 2020 ஜூலை முதல் எல்லாப் புகையிலைப் பொருளும் ஒரே நிறச் சாதாரண உறையில்தான் விற்கப்பட வேண்டும், சிகாரும் விலக்கல்ல. ஜோகூர் பாருவிலிருந்து பாலம் கடந்து உறவினர் வீட்டுத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பயணிகளின் புகையிலைக்கு வரிச்சலுகை கிடையாது. ஒரே ஒரு சுருட்டு கையில் இருந்தாலும் சிவப்புத் தடத்தில் அறிவித்து வரி கட்ட வேண்டும். படையலுக்கு வாங்கிப் போகும் சுருட்டுக்கும் அதே விதிதான்.